ஓட்டத்துக்கு முன்னால் போன சைக்கிள்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, உன் அண்ணன், அண்ணி எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, தெம்பாக இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். போன வருஷம் சுகம் சுகம் என்று எழுதின கடிதங்களில் பாதி பொய் இருந்தது, உனக்கும் அது தெரியும். இதில் பொய் இல்லை. நம் ஊர் ஓட்டப் பந்தயம் நல்லபடியாக முடிந்தது என்று மட்டும் அன்றைக்குப் போனில் சொன்னேன், நீயும் சரிம்மா என்று வைத்துவிட்டாய். நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் நடுவில் ஒன்று நடந்தது, அதைச் சொல்ல விடாமல் உங்கப்பா பக்கத்திலேயே நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், அங்கே போனால் முடி வெட்டுவது கொஞ்ச நேரம், மிச்சமெல்லாம் அரட்டை, அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

போன வருஷக் கூத்து உனக்கு நினைவிருக்கும். ஊர் முழுக்க ஓடி முடித்து, ஆளுக்கு நாலு பேப்பர் கப்பை ரோட்டில் வீசிவிட்டுப் போக, சாயங்காலம் பெய்த மழையில் அத்தனையும் உருண்டு போய்ச் சாக்கடை வாயை அடைத்துக்கொள்ள, நம் தெருவில் வீட்டுக்கு வீடு தண்ணீர். பேப்பர் என்று பெயர்தான், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு, ஊறவும் இல்லை மக்கவும் இல்லை. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் அடியில் மிதந்து வந்த கப்பில் ஓட்டக் கமிட்டியின் சின்னமே அச்சடித்திருந்தது, நான் அந்தக் கப்பையும் நனைந்த மிதியடியையும் எடுத்துக்கொண்டு நேராகக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போய்த் தலைவரை வெளுத்து வாங்கினேன். தலைவர் நம் மருந்துக்கடைக்காரர்தான், அவர் எதற்கும் கோபப்பட மாட்டார், எல்லாவற்றையும் மாத்திரை கொடுக்கிற மாதிரி மெதுவாகத்தான் சொல்வார். நகராட்சியிலும் இதையேதான் சொல்லிவிட்டார்கள், இன்னொரு தடவை குப்பை விழுந்தால் ரோட்டைத் தர முடியாதாம், அதனால் அடுத்த வருஷம் குப்பைப் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்களேன் என்று சிரித்துக்கொண்டே என் தலையில் கட்டிவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். உங்கப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், வீட்டுக்கு வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

அதற்கப்புறம் சில மாதத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்ததும், நீ லீவு கிடைக்காமல் அங்கேயே கிடந்து தவித்ததும் திரும்ப எழுத வேண்டாம். இனிமேல் ஓடவே கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து ஓட்ட ஷூவைக் கழுவிக் காய வைத்து டப்பாவில் போட்டு மேலே வைத்துவிட்டார். காலமெல்லாம் பேக்கரிக்காக விடியற்காலையில் சைக்கிளில் ரொட்டி போட்ட மனுஷன், ரொட்டி போட்டு முடித்து மிச்சத் தெம்பில் ஓடப் போனவர், சும்மா உட்கார வைத்தால் என்ன ஆவார் சொல்லு. அடுக்களையில் வந்து நின்று நான் வெங்காயம் வெட்டுகிற விதத்தில் குறை சொல்ல ஆரம்பித்தார்.

சரி, குப்பைக்கு வருகிறேன். கப்பே கூடாது என்று முடிவு பண்ணினோம். வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர்களை மூட்டை மூட்டையாக எடுத்தோம், கழுவ மட்டும் தண்ணீர் செலவாகாதா என்று ஒருவர் குறுக்கே கேட்டார், நியாயமான கேள்விதான், அதற்காக மூன்று தொட்டியில் அலசி அந்தத் தண்ணீரைப் பூங்காச் செடிக்கு விடுவது என்று ஏற்பாடு. டி-ஷர்ட் கிடையாது, எல்லார் வீட்டு அலமாரியிலும் போட்டுக் கிழியாத ஓட்ட டி-ஷர்ட் அடைந்து கிடக்கிறது, நம் வீட்டில் அதுதான் தரை துடைக்கிற துணி. நெஞ்சில் குத்துகிற நம்பரைத் துணியில் எழுதி, முடிந்ததும் திரும்ப வாங்கித் துவைத்து வைத்துக்கொள்கிறோம். மெடல் விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, அது உன் அண்ணியின் யோசனை. புதிதாக மெடல் செய்யவே இல்லை, ஆளாளுக்கு வீட்டில் தூசி படிந்து கிடக்கிற பழைய மெடலில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியது, புது நாடா கட்டி யாருடையதோ யாருக்கோ போகும். யாரும் தர மாட்டார்கள், மெடல் என்றால் உயிராயிற்றே என்று மருந்துக்கடைக்காரர் சந்தேகப்பட்டார். கொடுத்தார்களே, பெட்டி நிரம்பி வழிந்தது. வீட்டில் பெண்டாட்டிமார்கள்தான் எடுத்துக் கொடுத்து அனுப்பினார்கள் என்று நினைக்கிறேன்.

ரோட்டில் அம்புக்குறி போடுவதற்கும் ஒரு சண்டை. எப்போதும் பெயின்ட் ஸ்பிரே அடிப்பார்கள், அது வருஷம் முழுக்க அசிங்கமாகக் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏரிக்குள் போகும். நான்தான் சுண்ணாம்புப் பொடியைக் கரைத்துப் போடலாம் என்று பிடிவாதம் பிடித்தேன், போட்டோம், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கடைசியில் வேன். முதல் ஆளுக்கு வழி காட்டிக்கொண்டு முன்னால் ஒரு வேன் போகும் இல்லையா, அது விடுகிற புகையை முழுக்க முழுக்கக் குடிப்பவர்கள் பின்னால் நன்றாக ஓடுகிறவர்கள்தான். நன்றாக ஓடுவதற்கு இது என்ன தண்டனை என்று உன்னிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன், நீதான் பட்டென்று சொன்னாய், வேன் எதுக்கும்மா, அப்பாவை சைக்கிள்ல போகச் சொல்லு, ஊர்ல அவருக்குத் தெரியாத சந்தா என்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தூரத்தில் உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்வது சுலபம், பக்கத்தில் படுத்துக்கொண்டு மூச்சு வருகிறதா என்று தொட்டுப் பார்ப்பவள் நான் என்று நினைத்தேன், சொல்லவில்லை. ஆனால் ஸ்பீக்கர் போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லையே. உங்கப்பா காதில் விழுந்துவிட்டது. அப்புறம் என்ன, மறுநாளே சைக்கிளுக்கு எண்ணெய் போட்டாயிற்று.

நான் குறுக்கே நின்று பார்த்தேன், டாக்டரிடமே கேட்டுவிடலாம் என்று அழைத்துப் போனேன், அவராவது வேண்டாம் என்பார் என்று. அந்த டாக்டர் பெண் பரிசோதனையெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, சமதரையில் தாராளமாக ஓட்டலாம், மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் வரைக்கும் கவலை இல்லை என்று சொல்லிவிட்டாள். பேசுவதற்குச் சொல்லியா தர வேண்டும் இவருக்கு. தினமும் காலையில் பயிற்சி என்று கிளம்பி, பழைய ரொட்டிக் கூடையைக்கூடக் கழற்றாமல் மாட்டிக்கொண்டு, வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினார். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அடுக்களைப் பக்கம் வருவது நின்றது, வெங்காயத்துக்கு விடுதலை. முகத்தில் வெளிச்சம் வந்ததை நானும் பார்த்தேன், பார்த்தாலும் உள்ளுக்குள் ஒரு பயம் கல் மாதிரி உட்கார்ந்துகொண்டேதான் இருந்தது.

ஓட்டத்தன்று எனக்கு ஏரிக்கரை ரோட்டில் தண்ணீர் மேசை, நானும் உன் அண்ணியும் இன்னும் சில பெண்களும். டம்ளர்களை நிரப்பி வரிசையாக வைத்துவிட்டு நின்றோம். உங்கப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார், பாக்கெட்டில் குதித்துக்கொண்டே இருக்கிறது என்று. முதலில் சைக்கிள் வரும், அதன் பின்னால் முன்னணியில் ஓடுகிறவர்கள் வருவார்கள், சைக்கிள் மணி கேட்டதும் தயாராகுங்கள் என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். மணி கேட்கவில்லை. ஆட்கள் வருகிறார்கள். பி.டி. மாஸ்டர் ஒரு கும்பலை இழுத்துக்கொண்டு வருகிறார், அவர் எந்த வருஷமும் முதலில் வந்தவர் இல்லை. சைக்கிள் எங்கே என்று கேட்டால், எங்களுக்கு முன்னாடிதானே போனாரு, இன்னும் வரலையா என்று அவர் என்னையே திருப்பிக் கேட்கிறார். அந்தக் கும்பலில் வந்த ஒரு பெண் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, ஆஸ்பத்திரிச் சுவர் பக்கம் சைக்கிள் திரும்பி உள்ளே போனதைப் பார்த்தேன், பின்னாடியே பத்துப் பதினைந்து பேர் ஓடினார்கள், என்ன அவசரமோ என்று நாங்கள் நேராக வந்துவிட்டோம் என்றாள்.

அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குள் போன சைக்கிள், பின்னால் ஓடின ஜனம், வேறு என்ன நினைக்கச் சொல்கிறாய். அண்ணி உடனே அவருக்குப் போன் போட்டாள், அது என் கைப்பையில் அடித்தது. நான் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன், நிரம்பின டம்ளரில், அது வழிந்து மேசையெல்லாம் ஓடி என் காலில் கொட்டியது, அண்ணிதான் கையிலிருந்து ஜக்கைப் பிடுங்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று புத்தி சொல்கிறது, கால் நகரவில்லை. ஓடுகிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டுப் பழைய பழக்கத்தில் ரோட்டில் வீசுகிறார்கள், அது டணார் டணார் என்று விழுகிறது, ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. உன் அண்ணனைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லிவிட்டு அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை உட்காருங்க, உட்காருங்க என்கிறாள், நான் உட்காரவில்லை.

அப்போதுதான் மணி கேட்டது, வர வேண்டிய பக்கமிருந்து இல்லை, எதிர்ப்பக்கமிருந்து. திரும்பிப் பார்த்தால் உங்கப்பா, நிமிர்ந்து உட்கார்ந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு, பின்னால் ஒரு கும்பலே சிரித்துக்கொண்டு ஓடி வருகிறது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது என்று சும்மா சொல்லவில்லை. போனதும் தெரிந்தது, திரும்பி வந்ததும் தெரிந்தது.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரிச் சுவர் முனையில் நேராகப் போகச் சொல்லி என் சுண்ணாம்பு அம்புக்குறி ஒன்று இருந்தது, நேர் ரோடுதானே என்று அங்கே ஆளும் நிறுத்தவில்லை. விடியற்காலையில் ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் குழாயைத் திறந்துவிட்டுச் செடிக்கு ஊற்றியிருக்கிறார், தண்ணீர் வழிந்து அம்புக்குறி போன இடம் தெரியவில்லை. இவர் அங்கே வந்தார், காலைக் குளிர், கையில் ஹேண்டில்பார், முன்னால் ரொட்டிக் கூடை, அந்த முனையில் ஆஸ்பத்திரிக்கு ரொட்டி போட அவர் கை எத்தனை வருஷம் திரும்பின கை, தானாகவே திரும்பிவிட்டது. ஊரிலேயே வேகமாக ஓடுகிற ஆட்கள் அத்தனை பேரும் ஒரு கேள்வி கேட்காமல் அவர் பின்னால் ஆஸ்பத்திரிச் சந்துக்குள் ஓடியிருக்கிறார்கள். நேராகச் சமையலறை வாசலுக்குப் போய், சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டு, ரொட்டி எடுக்கக் கூடைக்குள் கையை விட்டிருக்கிறார். வெறும் கூடை. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாராம், மூச்சு வாங்கிக்கொண்டு இத்தனை பேர் நிற்கிறார்கள். சமையலறை மேற்பார்வைக்கார அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, ரிடையர் ஆன மனுஷன் ரொட்டியும் இல்லாம எதுக்கு இவ்வளவு ஆள் கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க என்று கேட்டாளாம். அங்கிருந்து அடுத்த கேட் வழியாக ஏரிக்கரை ரோட்டுக்கு வந்தால் என் மேசைக்கு அந்தப் பக்கம் வந்து சேருகிறது வழி, அதுதான் எதிர்த் திசை.

நான் எல்லார் முன்னாலும் அவரைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று நினைவில்லை, அண்ணி சொல்லவும் மாட்டேன் என்கிறாள். அவர் பாட்டுக்குத் தோட்டக்காரர், குழாய், கூடை என்று மூச்சே வாங்காமல் சொல்லிக்கொண்டிருந்தார், டாக்டர் சொன்ன கணக்கு சரிதான் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரை ஒழுங்காகத் தொட்டியில் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்தார், அப்போதுதான் அவருக்கு விஷயமே புரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுக் கிளம்பினார், ஓட்டம் பாதியில் நிற்கிறதே. ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடிப்போன உன் அண்ணனோ அவசரப் பிரிவில் கட்டில் கட்டிலாகத் தேடிவிட்டு, வியர்த்து வழிந்து வந்து அப்பா எங்கே என்று எங்களையே கேட்டான், பாவம், அவன்தான் அன்றைக்கு உண்மையாக ஓடினவன்.

மருந்துக்கடைக்காரர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கோபப்பட்டார். அடுத்த வருஷம் பேசாமல் வேனையே வைத்துவிடலாம் என்று ஆரம்பித்தார், ஆனால் ஏமாந்து போன அந்தக் கும்பலே விடவில்லை. நம் ஊர்க் காற்றாடி என்று ஒரு பெண்ணைச் சொல்வேனே, ஒல்லியாக, கால் தரையில் படாமல் ஓடுவாளே, அவள்தான் முதலில் வந்துகொண்டிருந்தவள், கூடுதலாக ஓடியும் கடைசியில் மூன்றாவதாக வந்துவிட்டாள். அவள் சொன்னாள், புகை இல்லாம இவ்வளவு தூரம் ஓடினது இதுதான் முதல் தடவை, அதுக்காக ஒரு சந்து சுத்தினா பரவாயில்லை, அடுத்த வருஷம் மாமாவே வரட்டும், ஆனா கூடைல ரொட்டி வச்சுக்கிட்டு வரணும். எல்லோரும் சிரித்தார்கள், அத்தோடு வேன் பேச்சு போனது. கூடையைக் கழற்றினால்தான் விடுவேன் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

நகராட்சிச் சுகாதார அதிகாரி சாக்கடை மூடியைத் திறக்க வைத்துப் பார்த்தார். ஒரு சாக்குகூட நிறையவில்லை, ஓடுகிறவர்கள் தெம்புக்கு உறிஞ்சுகிற ஜெல் பாக்கெட் சில, ஒற்றைச் செருப்பு ஒன்று, அவ்வளவுதான். டம்ளர்கள் நசுங்கியது நசுங்கியதாகத் திரும்பி வந்தன, கையில் பிடித்தபடியே கடைசி வரைக்கும் ஓடினவர்களும் உண்டு, எப்படியோ கொண்டுபோனதைவிட ஒன்று கூடுதலாக இருக்கிறது, யார் வீட்டு டம்ளரோ. அடுத்த வருஷமும் ரோடு உண்டு என்று அந்த அதிகாரி சொன்னபோது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பெருமை பேச நான் தயாரில்லை. டம்ளரில் குடித்துவிட்டு ஆளுக்கொரு காரில் ஏறிப் போனார்களே, மைதானத்துக்கு வெளியே நின்ற காரெல்லாம் விட்ட புகைக்கு அந்த ஒரு வேன் எந்த மூலைக்கு என்று உன் அண்ணன் கேட்டான். முதல் பஸ் வருவதற்கு முன்னாலேயே ஓட்டத்தை ஆரம்பித்தால் காரில் வராமல் எப்படி வருவார்கள். அடுத்த வருஷம் பஸ் வந்து நின்ற பிறகுதான் விசில் ஊத வேண்டும், புறப்படும் இடமும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வெயில் ஏறிவிடும் என்கிறார் மருந்துக்கடைக்காரர், பார்க்கலாம், நானும் விடப்போவதில்லை.

வீட்டில் மற்றபடி விசேஷம் இல்லை. அடுக்களைக் குழாய் சொட்டுவதை அண்ணன் சரிபண்ணிவிட்டான், இப்போது சொட்டுவதில்லை, பீய்ச்சுகிறது. அண்ணிக்குப் பல் வலி, பல் டாக்டரிடம் போகப் பயந்துகொண்டு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு திரிகிறாள். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடாமல் வெளியே போகாதே. வீடியோ போனில் உனக்குப் பின்னால் தெரிகிற அந்த நாற்காலித் துணிக்குவியலைப் போன மாதமும் பார்த்தேன், அதே சட்டை அதே இடத்தில் இருக்கிறது, மடித்து வைக்க ஒரு நிமிஷம் ஆகாது.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அன்றைக்கு அந்த மேசையில் நின்றபோது, உங்கப்பா போய்விட்டார் என்றே நினைத்து, உனக்குப் போன் போட்டு என்ன சொல்வது என்று மனதுக்குள் வார்த்தை கோர்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்த வார்த்தை அப்பா போய்ட்டார் என்பது இல்லையடா. நீ சொன்ன யோசனைதான், நீதான் சைக்கிளில் போகச் சொன்னாய், இதுதான் வந்தது. அம்புக்குறி என்னுடையது, அது அழிந்ததால்தான் அவர் திரும்பினார் என்பது அப்போது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. உன் நம்பரை அழுத்துகிற தூரத்தில்தான் இருந்தேன், போன் கைப்பையில்தான் இருந்தது. சொல்லியிருந்தால் நீ அதை உன் ஆயுசு முழுக்கச் சுமந்திருப்பாய், நானும் எத்தனை அழுதாலும் அதைத் திரும்ப வாங்கியிருக்க முடியாது, நீயும் அதன் பிறகு இந்த வீட்டு வாசலை எந்த முகத்தோடு மிதித்திருப்பாய். அந்த மணி சத்தம் கேட்டு, அவர் வந்து சைக்கிளை நிறுத்தினபோது, ஊரெல்லாம் எனக்குப் புருஷன் கிடைத்தான் என்றது. எனக்குக் கிடைத்தது நீங்கள் இரண்டு பேரும். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அவர் மூச்சைத் தொட்டுப் பார்க்காமலே தூங்கினேன்.

நீ சொன்ன யோசனை நல்ல யோசனைதான், சின்னவனே. அதை உன்னிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

கேட்டில் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார், ரொம்பவே குட்டையாக வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நீ தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல், நல்ல மனுஷர்கள் நடுவில் நன்றாக இருக்க வேண்டும், அம்மா அப்பா ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது ரொட்டிக் கூடை விஷயம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே, அவராகச் சொல்ல ஆரம்பித்தால் முதல் தடவை கேட்கிற மாதிரி சிரி.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா